பத்தி பதினான்கு

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்குச் சரத்தின் அழைப்பு வந்தபோது, வைதேகி ஒரு சீனப் பெரியவரின் மூக்குக்கண்ணாடிக் காலைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். ஜாலான் புசார் தெருவில் இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு இது ஒன்பதாவது வருடம். பெரியவரின் காதில் மாட்டிப் பார்த்து, உறுத்தவில்லை என்று அவர் தலையாட்டிய பிறகுதான் ஃபோனை எடுத்தாள். அதற்குள் மூன்று தடவை அடித்து ஓய்ந்திருந்தது.

விவாகரத்தாகி ஒன்றரை வருடம் ஆகிறது. முன்னாள் கணவன் விடாமல் மூன்று தடவை கூப்பிடுகிறான் என்றால் விஷயம் ஒன்றாகத்தான் இருக்க முடியும். திருப்பிக் கூப்பிட்டாள்.

"ரக்ஷனாவுக்குக் காய்ச்சல். முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது," என்றான் சரத். "காது வலிக்குதுன்னு வேற அழுவுறா. நான் காருல கொண்டாந்து விடவா, இல்ல நீ வந்து கூட்டிக்கிறியா?"

ரக்ஷனா அவர்களுடைய ஒரே மகள். ஐந்து வயது. நீதிமன்ற உத்தரவுப்படி வியாழன் மாலையிலிருந்து ஞாயிறு மாலை ஆறு மணி வரை பூன் லே வட்டாரத்தில் இருக்கும் அப்பாவிடம், மற்ற நாட்களில் அம்மாவிடம். ஆனால் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அந்த உத்தரவு அவனுக்கு மறந்துபோகும். ஒன்று, அவன் குடியிருக்கும் அடுக்குமாடிப் புளோக்கிலேயே ஒன்பதாவது மாடியில் இருக்கும் அவனுடைய அக்கா அனுப்ரியாவிடம் பிள்ளை போகும். அல்லது வைதேகிக்கு ஃபோன் வரும். இந்த ஒன்றரை வருடத்தில் ஐந்து தடவை வந்திருக்கிறது. ஐந்து தடவையும் அவள் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள்.

"இல்ல," என்றாள் வைதேகி. "ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வந்து கூட்டிக்கிறேன். அதுவரைக்கும் நீ பாத்துக்க."

சரத் காரணங்களை அடுக்கத் தொடங்கினான். அக்கா பெர்த் நகரத்துக்குப் போயிருக்கிறாள், வர ஒரு வாரமாகும். தஞ்சோங் பகார் அலுவலகத்துக்கு ஜப்பானிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், மூன்றே முக்கால் மணிக்கு அவன் அங்கே தலைகாட்டியே ஆக வேண்டும். பிள்ளை அம்மா அம்மா என்றுதான் அழுகிறாள். வைதேகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பத்தி பதினாலு, சரத்," என்றாள்.

"என்னது?"

"கோர்ட்ல நீ சத்தியம் பண்ணிக் கொடுத்த அஃபிடவிட். பத்தி பதினாலை எடுத்துப் படி."

சொல்லிவிட்டு வைத்தாள்.

அந்தப் பத்தி அவளுக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும். ரக்ஷனாவுக்கு இரண்டரை வயதிருக்கும்போது மூன்று நாள் விடாமல் காய்ச்சல் அடித்தது. மூன்று இரவும் வைதேகிதான் விழித்திருந்தாள். மருந்து கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துக் கழுத்தையும் அக்குளையும் துடைத்துவிட்டு, கரண்டி கரண்டியாகக் கஞ்சித் தண்ணீர் புகட்டி, தோளிலேயே போட்டு நடந்தாள். மறுநாள் வேலை இருக்கிறது என்று சரத் அடுத்த அறையில் காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு தூங்கினான். மூன்றாவது நாள் விடிந்தபோது காய்ச்சல் இறங்கியது. பிள்ளையைப் பாயில் உட்கார வைத்துவிட்டு, குளியலறைக் கதவில் சாய்ந்தபடியே வைதேகி கண்ணயர்ந்துவிட்டாள். அப்போது சரத் எழுந்து வந்து ஒரு படம் எடுத்தான். "பாவம் நீ," என்று அன்றைக்கு அதை அவளிடமே காட்டினான். கீழே போய்த் தே தாரேக் தேநீரும் ரொட்டி பராட்டாவும் வாங்கிவந்து கொடுத்தான். அவள் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வருடம் கழித்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கில், அதே படம் நீதிமன்றத்தில் தாக்கலானது. 'பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல் கண்டபோது இரவும் பகலும் விழித்திருந்து கவனித்தவன் நானே. மருந்தின் அளவும் நேரமும் எனக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் தாயார் எந்த நிலையில் இருந்தார் என்பதற்கு இணைத்துள்ள படமே சாட்சி.' இதுதான் பத்தி பதினான்கு. சத்தியம் செய்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தியது.

அவளிடம் பதிலுக்குக் காட்ட ஒன்றுமில்லை. மூன்று இரவும் விழித்திருந்தவளைப் படம் எடுக்க அங்கே வேறு யாரும் விழித்திருக்கவில்லை. அவளைக் கெட்ட தாய் என்று நீதிபதி சொல்லவில்லை. பெற்றோர் இருவரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் சமமான திறன் உடையவர்கள் என்றார். கெட்டவள் என்று சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்தச் 'சமம்' என்ற சொல்தான் அவளை ஒன்றரை வருடமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. பல் துலக்கும்போது, ரயிலில் நிற்கும்போது, லென்ஸைத் துடைக்கும்போதெல்லாம், என்றைக்காவது ஒரு நாள் அந்தப் பத்தியை அவன் வாயாலேயே மென்று விழுங்க வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். எப்படி என்று தெரியாமல் இருந்தது. இப்போது அவனே ஃபோன் போட்டு வழியைக் காட்டிக் கொடுத்திருக்கிறான்.

அவனுக்கு நீளமாக ஒரு செய்தி தட்டினாள். எடை பதினேழு கிலோ. இருநூற்றைம்பது மில்லிகிராம் பாராசிட்டமால் சிரப், ஐந்து மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது. காதுவலிக்கும் அதுவே கேட்கும். காதுக்குள் எதையும் ஊற்றக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய சட்டை போதும், போர்த்தி மூட வேண்டாம். கழுத்து விறைத்தாலோ, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ யாரையும் கேட்காமல் உடனே மருத்துவமனை. எதுவும் விட்டுப்போகவில்லையே என்று இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். கோபம் அவன் மேல்தான், அதில் பிள்ளைக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பதினொரு மணிக்குள் அவன் இரண்டு தடவை கூப்பிட்டான். மருந்து குடித்துப் பத்து நிமிடத்தில் பிள்ளை வாந்தி எடுத்துவிட்டாள், திரும்பக் கொடுப்பதா என்று கேட்டான். பத்து நிமிடம்தான் என்றால் கொடு, அரை மணி ஆகியிருந்தால் கொடுக்காதே என்றாள். நெற்றியில் ஐஸ் வைக்கலாமா என்று கேட்டான். ஐஸ் வைத்தால் உடம்பு நடுங்கி, உள்சூடு இன்னும் ஏறும், வெதுவெதுப்பான துணி போதும் என்றாள். அவன் குரலில் பதற்றம் தெரிந்தது. அந்தப் பதற்றம் அவளுக்கு வெயிலில் குடித்த இளநீர் போல இருந்தது. பிள்ளை வாந்தியில் அவன் சட்டை நனைந்திருக்கும், தெர்மாமீட்டரை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பான், ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் மருந்துப் புட்டியுமாகத் திண்டாடிக்கொண்டிருப்பான் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

கடையில் அவளோடு வேலை பார்க்கும் ஃபஸீலா, இவளைவிடப் பத்து வயது மூத்தவள், மூன்று பிள்ளை பெற்றவள். காலையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அவனைப் பழிவாங்கு, நான் வேணாங்கல," என்றாள். "ஆனா அந்தப் பிள்ளைக்குக் காது வலிக்குது வைதேகி. அது யாரு மேலயும் கேஸ் போடல."

ஒரு மணிக்கு வைதேகி முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பையில் எப்போதும்போல் தெர்மாமீட்டர், மருந்து, பிள்ளைக்கு மாற்றுச் சட்டை எல்லாம் இருந்தன. அவன் வீட்டுக்குப் போவதற்காக இல்லை, பக்கத்தில் இருப்பதற்காக மட்டும் என்று தீர்மானித்திருந்தாள். பூகிஸில் ரயில் மாறி, தஞ்சோங் பகாரைக் கடந்து, பூன் லேயில் இறங்கிப் பேருந்து பிடித்து, சரத்தின் புளோக்குக்கு எதிரே இருக்கும் காப்பிக்கடையில் போய் உட்கார்ந்தபோது மணி இரண்டேகால். பாலில்லாத தே ஓ தேநீர் ஒன்று சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் ஐந்தாவது மாடியில் அவன் வீட்டு ஜன்னல் தெரியும். ஓர் ஆள் சரணடைவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இன்னும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் அவன் கூப்பிட்டு, என்னால் முடியவில்லை, அன்றைக்கு எழுதியது எல்லாம் பொய் என்று சொல்லுவான். அதை அவன் வாயால் கேட்ட பிறகுதான் மின்தூக்கியில் கால் வைப்பாள்.

மூன்று பத்துக்குச் சரத் கீழே வந்தான்.

தேய்த்த வெள்ளைச் சட்டை, மடிக்கணினிப் பை, படிய வாரிய தலை. ஃபோனைப் பார்த்துக்கொண்டே கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தான். பிள்ளை கூட இல்லை. காரில் ஏறினான், போய்விட்டான்.

வைதேகிக்கு ஒரு நொடி ஒன்றுமே புரியவில்லை. புரிந்ததும் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. காய்ச்சலில் கிடக்கிற ஐந்து வயதுப் பிள்ளையை வீட்டில் தனியாகப் பூட்டிவிட்டா போகிறான்? தெருவைக் கடந்து, புளோக்கின் கீழ்த்தளத்தைத் தாண்டி, மின்தூக்கிப் பொத்தானை அழுத்தப் போனபோது கையிலிருந்த ஃபோன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா, நான் சங்கீதா பேசுறேன்," என்றது ஒரு பெண் குரல். பின்னால் ரக்ஷனா முனகி அழுவது கேட்டது. "உங்க நம்பரை ரக்ஷனாதான் சொன்னா. தப்பா எடுத்துக்காதீங்க."

சங்கீதா என்ற பெயர் வைதேகிக்குத் தெரியும். நவம்பரில் சரத் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிற பெண். மகள் சொல்லித்தான் தெரியும், நேரில் பார்த்ததில்லை.

"அவர் எங்க?" என்றாள் வைதேகி, தெரியாதவள் போல.

"ஆபீஸ் போயிருக்காரு. அஞ்சு மணிக்கு வந்துடுவேன்னாரு. காலையிலேருந்து நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன் அக்கா. நீங்க அனுப்பின மெசேஜை அப்படியே எனக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டாரு. வாந்தி எடுத்தப்ப, ஐஸ் வைக்கவான்னு எல்லாம் நான் சொல்லித்தான் அவரு உங்கள்ட்ட கேட்டாரு." கொஞ்சம் தயங்கினாள். "மருந்துக்கு இன்னும் நேரம் இருக்கு. காது ரொம்ப வலிக்குதுங்கிறா. படுக்கவே மாட்டேங்கிறா. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

காலை முழுக்க இனித்த இளநீர் வைதேகியின் தொண்டையில் கசந்து ஏறியது. வாந்தியில் நனைந்தது அவன் சட்டை இல்லை. திண்டாடியது அவன் இல்லை. அவன் தன் வேலையை இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டு, அவள் கேட்ட கேள்விகளை ஃபோனில் திருப்பிச் சொன்னதோடு சரி. அவனை மடக்கிவிட்டோம் என்று இவள் மகிழ்ந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவன் சட்டை தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

படுக்க வைத்தால் காதில் அழுத்தம் கூடும், தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து மடியில் சாய்த்து உட்கார வையுங்கள், வெதுவெதுப்பான துணியைக் காதுக்கு வெளியே ஒத்திப் பிடியுங்கள், விழுங்கினால் கொஞ்சம் இதமாக இருக்கும், தண்ணீரைச் சின்னச் சின்ன மடக்காகக் கொடுங்கள் என்றாள். எண்ணெய் காய்ச்சி ஊற்றலாம் என்று சரத் எதிலோ பார்த்துச் சொன்னதாகச் சங்கீதா சொன்னாள். வேண்டவே வேண்டாம் என்றாள் வைதேகி. பேச்சு முடிந்தது.

மின்தூக்கியின் கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை. ஐந்தாவது மாடி. ஏறினால் ஒரு நிமிடத்தில் பிள்ளை கையில் இருக்கும்.

அவள் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டது. திரும்பிப் போய்க் கீழ்த்தளத்துக் கல் இருக்கையில் உட்கார்ந்து, ஃபோனில் அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்தாள். பத்தி பதினான்கையும், கூடவே இணைத்திருந்த படத்தையும் சங்கீதாவின் எண்ணுக்கு அனுப்பினாள். கீழே ஒரே ஒரு வரி எழுதினாள். 'நவம்பருக்கு முன்னால் இதைப் படித்துவிடு.'

சங்கீதா பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. வைதேகி காத்திருந்தாள். மேலே போய் நின்றால் அந்தப் பெண்ணின் கவனம் தாளைவிட்டுத் தன் மேல் போய்விடும். சங்கீதா தனியாக உட்கார்ந்து, மடியில் காய்ச்சலோடு ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, அந்தப் பத்தியை ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும். இருபது நிமிடம் வைதேகி அந்தக் கல்லில் அசையாமல் இருந்தாள். பிள்ளை மேலே அழுதுகொண்டிருக்கிறாள் என்பது தெரிந்தேதான் இருந்தாள்.

மேலே போனபோது சங்கீதா கதவைத் திறந்தாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதிருக்கும். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள், சட்டையின் தோளில் வாந்திக் கறை காய்ந்திருந்தது. ரக்ஷனா ஓடி வரவில்லை. சோபாவில் தலையணைக்கு நடுவே உட்கார்ந்தபடி, "அம்மா, காது," என்று மட்டும் சொன்னாள். வைதேகி அவளை மடியில் எடுத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு புள்ளி நான்கு. கழுத்து நன்றாக அசைந்தது. கண்ணில் தெளிவு இருந்தது. தண்ணீர் நிறையக் குடித்திருந்தாள். எல்லாம் சரியாகத்தான் நடந்திருந்தது. மருந்து கொடுத்த நேரம், காய்ச்சல் அளவு, சிறுநீர் போனது எல்லாவற்றையும் சங்கீதா ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள்.

ரக்ஷனா லேசாகக் கண்ணசந்த பிறகு சங்கீதா தன் ஃபோனை எடுத்து வைதேகியின் பக்கம் திருப்பினாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள்.

"இதுல உங்க கையைப் பாத்தீங்களா?"

வைதேகி அந்தப் படத்தை ஒருபோதும் முழுதாகப் பார்த்ததில்லை. வாய் திறந்து தூங்கும் தன் முகம் கண்ணில் பட்டதுமே மூடிவிடுவாள். இப்போது பார்த்தாள். மடியில் கிடந்த வலது கையின் விரல்களுக்குள் தெர்மாமீட்டர் இருந்தது. மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தது. முழங்காலில் மருந்து ஊற்றும் சிரிஞ்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"தூங்குறப்பகூட அதை விடலை நீங்க," என்றாள் சங்கீதா. "மூணு நாள் அவரு தூங்காம பாத்துக்கிட்ட கதையை எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்காரு தெரியுமா? அதைக் கேட்டுத்தான் எனக்கு அவர் மேல ஒரு இது வந்துச்சு."

சங்கீதா ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கவா அக்கா. எனக்கு மெசேஜ் வந்து இருபது நிமிஷத்துல வந்து நிக்கிறீங்க. ஜாலான் புசார்லேருந்து இருபது நிமிஷத்துல வர முடியாதே."

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டேகால்லேருந்து கீழதான் இருந்தேன்," என்றாள் வைதேகி.

"நான் ஃபோன் பண்ணப்ப?"

"லிஃப்ட்டுக்கு முன்னாடி நின்னேன். பிள்ளை அழுவுறது கேட்டுச்சு. முழுசாப் படிக்கட்டும்னுதான் ஏறாம இருந்தேன்."

சங்கீதா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

சரத் சொன்னபடி ஐந்து மணிக்கு வந்தான், கையில் மூன்று பொட்டலம் கோழிச்சோறு. வைதேகியைப் பார்த்ததும் முகத்தில் திகைப்பு வரவில்லை, நிம்மதிதான் வந்தது. வழக்கமாக நடப்பதுதான் நடந்திருக்கிறது என்று நினைத்திருப்பான்.

"வந்துட்டியா. எனக்குத் தெரியும் நீ வருவேன்னு," என்றான்.

"மணி அஞ்சு. மருந்து நேரம்," என்றாள் வைதேகி. "நீயே கொடு."

அவன் சிரித்துக்கொண்டே கைகழுவிவிட்டு வந்து மேசையிலிருந்த புட்டியை எடுத்தான். மூடியைத் திறக்கத் தெரியவில்லை. அழுத்தித் திருக வேண்டிய மூடி. இரண்டு மூன்று தடவை வெறுமனே சுற்றிவிட்டு ஒருவழியாகத் திறந்தான். சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, பழக்கம் காரணமாகச் சங்கீதாவின் பக்கம் திரும்பி, "எவ்வளவு?" என்று கேட்டான்.

சங்கீதா சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மெசேஜ்ல இருக்குல்ல," என்று அவன் ஃபோனை எடுக்கப் போனான். மேசையில் கிடந்த ஃபோன் மேல் வைதேகி தன் உள்ளங்கையை வைத்தாள்.

"மனப்பாடம்னு சத்தியம் பண்ணியிருக்கே. பாக்காம சொல்லு."

"வைதேகி, இதெல்லாம் இப்ப வேணாம் லா. பிள்ளை முன்னாடி."

"பிள்ளை எவ்வளவு எடை? அதையாவது சொல்லு."

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இதற்காகத்தான் அவள் ஒன்றரை வருடம் காத்திருந்தாள். அந்த முகத்தில் வியர்வை அரும்புவதை அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்து மில்லிதானே?" என்றான் கடைசியில், குரலைத் தாழ்த்தி.

"அஞ்சு, அப்பா," என்றாள் ரக்ஷனா, வைதேகியின் மடியிலிருந்தபடியே.

வைதேகி அவன் கையிலிருந்து சிரிஞ்சை வாங்கி, ஐந்து கோடு வரை இழுத்து, மகளின் கன்னத்தின் உட்புறமாக மெல்ல மெல்லச் செலுத்தினாள். அவள் மருந்து கொடுத்து முடிப்பதற்குள் சங்கீதா தன் பையை எடுத்துக்கொண்டிருந்தாள். சரத் அவள் பின்னாலேயே கதவு வரை போய் என்னவோ சொன்னான். அவள் திரும்பாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, பின்னால் வராதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலையே வைதேகி பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஞாயிறு காலை மருத்துவரிடம் காட்டினாள். நடுக்காதில் சளி கட்டி லேசாகப் புண்ணாகியிருக்கிறது, வலி மருந்தைத் தொடருங்கள், செவ்வாய்க்கிழமையும் காய்ச்சல் இருந்தால் ஆன்டிபயாடிக் தருகிறேன் என்றார் அவர். தேவைப்படவில்லை. திங்கட்கிழமை சாயந்தரம் ரக்ஷனா தயிர்ச்சோறு கேட்டாள்.

நவம்பரில் திருமணம் நடக்கவில்லை. அது தெரிந்த அன்று வைதேகி சிராங்கூன் சாலையில் அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக் கடைக்குக் கொண்டுபோனாள். ஃபஸீலா ஒன்றை எடுத்துக்கொண்டாள், எதற்கு என்று கேட்கவில்லை.

அவளுடைய வழக்கறிஞர் மாசிலாமணி, உத்தரவை மாற்றக் கோரி மனுப் போடலாம் என்றார். நீதிமன்றத் தாளை வெளியாளுக்கு அனுப்பியதற்காக முதலில் பத்து நிமிடம் கடிந்துகொண்டார். பிறகு, அந்தப் பெண் அன்றைக்கு நடந்ததை எழுதித் தருவாளா என்று கேட்டார். வைதேகி கேட்டுப் பார்த்தாள். சங்கீதா தருகிறேன் என்றாள். இரண்டு வாரத்தில் நான்கு பக்கம் வந்தது.

எல்லாம் இருந்தது. காலையில் சரத் தன்னைக் கூப்பிட்டு வரவழைத்தது, அவன் செய்தியைப் படிக்காமலே தள்ளிவிட்டது, சட்டை தேய்த்தது, பத்து மில்லி என்றது. ஒன்பதாவது பத்தியில் இப்படி இருந்தது: 'தாயார் பிற்பகல் இரண்டேகால் மணியிலிருந்து புளோக்கின் கீழே இருந்ததாகவும், பிள்ளை வலியில் அழுவது தெரிந்தும் இருபது நிமிடம் வேண்டுமென்றே மேலே வரவில்லை என்றும் அவரே என்னிடம் கூறினார்.'

இந்த ஒன்றை எடுத்துவிட்டால் நல்லது என்றார் மாசிலாமணி. வைதேகி அன்றிரவு சங்கீதாவைக் கூப்பிட்டாள். சங்கீதா கோபப்படவில்லை. "போட்டா முழுசாப் போடுங்க அக்கா, இல்லைன்னா வேணாம்," என்றாள். "நடந்ததுல பாதியை எழுதினா அது அவரு எழுதின மாதிரிதானே இருக்கும்."

அந்த வரியோடுதான் மனு போனது. சரத்தின் வழக்கறிஞரும் அதைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் வலியை ஆயுதமாக்கிய தாய் என்று பதில் எழுதினார். அதைப் படித்தபோது பொய் என்று வைதேகியால் சொல்ல முடியவில்லை. ஆனால் விசாரணை நாள் வருவதற்குள் சரத்தே இறங்கி வந்தான். சங்கீதா கூண்டில் ஏறிப் பத்து மில்லிக் கதையைச் சொல்வதை அவனால் தாங்க முடியவில்லை போலும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டு உத்தரவு மாறியது. பிள்ளை அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவிடம். பத்தி பதினான்கைத் திரும்பப் பெறுவதாக அவன் கையெழுத்துப் போட்டான். அந்தத் தாளின் நகலை வைதேகி சமையலறை அலமாரியில், மருந்துப் பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். சில நாட்களில் எடுத்துப் படிப்பாள். படிக்கப் படிக்க இனிக்கத்தான் செய்தது. ஒன்பதாவது பத்தி நினைவுக்கு வரும்போது மட்டும் மடித்து உள்ளே வைத்துவிடுவாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரக்ஷனாவுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. சரத்திடமிருந்து அழைப்பு வரவில்லை, செய்திதான் வந்தது. முப்பத்தெட்டு புள்ளி ஆறு. எடை பதினெட்டு கிலோ, இன்று காலை நிறுத்துப் பார்த்தது. ஐந்து மில்லி, பதினொன்று ஐந்துக்குக் கொடுத்தாயிற்று. அடுத்தது மாலை ஐந்து ஐந்துக்கு. தண்ணீர் குடிக்கிறாள், சிறுநீர் போனாள், கழுத்து சரியாக அசைகிறது. கீழே, மெல்லிய சட்டையில் ரக்ஷனா சோபாவில் சாய்ந்து கார்ட்டூன் பார்க்கும் படம்.

வைதேகி அந்தச் செய்தியை வரிவரியாகப் படித்தாள். எங்காவது ஒரு பிழை இருக்கும் என்று தேடினாள். அளவு சரி, நேரம் சரி, எதுவும் விட்டுப்போகவில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மாட்டப் போனாள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் 'சரி' என்று ஒரு சொல் அனுப்பினாள்.